மழைக்காட்டுத் தாழ்நிலம்: வெப்பமும் மழையும் உள்ள கடலூர்ப் பக்கம் ஏன் அத்தகைய காடு இல்லை?

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

வணக்கம். கடலூரில் உயர்நிலை வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்தி வருகிறேன். நிலநடுக்கோட்டு மழைக்காடுகள் பற்றிய பாடத்தின்போது மாணவர்கள் எழுப்பிய இரண்டு கேள்விகளுக்குப் பாடநூல் தரும் விடை எனக்கே நிறைவளிக்காததால் இங்கே கேட்கிறேன்.

முதற்கேள்வி இது. வெப்பமும் மழையும் கூடினால் மழைக்காடு தோன்றும் என்று படிக்கிறோம். வெப்பத்துக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. மழையும் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. காங்கோ வடிநிலத்தில் 1,600, 1,700 மில்லிமீட்டர் மழை பெறும் இடங்களிலும் மழைக்காடு நிற்கிறது என்கிறார்கள். இடையிலுள்ள நானூறு மில்லிமீட்டர் வேறுபாடு மட்டுமே ஓரிடத்தில் 50 மீட்டர் உயர மரங்களையும் இன்னோரிடத்தில் முந்திரித் தோப்பையும் முட்புதரையும் உண்டாக்கிவிடுமா?

இரண்டாவது, அதே பாடத்தில் மழைக்காட்டு மண் வளமற்றது என்றும் ஒரு வரி வருகிறது. உலகிலேயே அடர்ந்த காடு வளமற்ற மண்ணில் எப்படி நிற்கும் என்று ஒரு மாணவி கேட்டாள். இணையத்தில் தமிழில் தேடினால் ‘உலகின் நுரையீரல்’ என்ற சொல்லுக்கு அப்பால் நகராத கட்டுரைகளே கிடைக்கின்றன. விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதலாம்.

கோரிமேட்டு வாசி (புதுச்சேரி) எழுதியது:

ஐயா, முதற்கேள்விக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன். ஆண்டு மொத்த மழையை வைத்து மழைக்காட்டை அளக்கப் புகுந்தால் குழப்பமே மிஞ்சும். பார்க்கவேண்டியது மாதக் கணக்கு. காலநிலை அறிஞர் கோப்பென் வகுத்த காலநிலைப் பகுப்பில் மழைக்காட்டுக் காலநிலைக்கான வரையறை மிக எளியது: ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்திலும் சராசரி வெப்பம் 18 பாகை செல்சியசுக்குக் குறையக்கூடாது, மிக வறண்ட மாதத்திலும் மழை 60 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. முதல் நிபந்தனையில் நாம் எளிதாகத் தேறிவிடுகிறோம், இரண்டாவதில் தோற்றுப்போகிறோம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நம் மாதச் சராசரி 60 மில்லிமீட்டரின் அருகில்கூட வருவதில்லை. நவம்பர் ஒன்றில் மட்டும் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிவிடுகிறது.

நம்மவர் வீடுகளில் பாதிப் பேருக்குச் சிங்கப்பூரில் ஓர் உறவினர் இருப்பார் என்பதால் அந்த ஊரையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர். அளவைவிட அது பரவியிருக்கும் விதம்தான் முக்கியம்: மிகக் குறைவாகப் பெய்யும் பிப்ரவரியிலும் சராசரியாக 100 மில்லிமீட்டர் விழுகிறது. நகரம் அவ்வளவு வளர்ந்த பிறகும் புக்கித் தீமா குன்றில் மிஞ்சியிருக்கும் துண்டுக் காடு தாழ்நில மழைக்காட்டின் எச்சம்தான். இன்னொன்றையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். மழைக்காடு என்றாலே தகிக்கும் வெப்பம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கத்திரி வெயிலில் நாம் படும் 40 பாகையைச் சிங்கப்பூர் பதிவுசெய்ததே இல்லை. அங்கே ஆண்டு முழுவதும் வெப்பம் 24க்கும் 32க்கும் இடையில்தான் பெரும்பாலும் ஊசலாடுகிறது. மாதங்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடே பெரிது.

நம் மழையின் இயல்பையும் கவனிக்கவேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்துக்குள் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஓராண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் வந்து, அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்காமல் கடலுக்கு ஓடிவிட்டது. கணக்கில் அதுவும் மழைதான், ஆனால் ஏப்ரல் மாதத்தில் தாகத்தோடு நிற்கும் மரத்துக்கு அதனால் என்ன பயன்?

புயல் என்றதும் இன்னொரு காரணம் நினைவுக்கு வருகிறது. பாடநூல்கள் இதைப் பேசுவதில்லை. புவிச் சுழற்சியின் விளைவாக எழுந்து புயலைச் சுழலவைக்கும் விலக்குவிசை (கோரியோலிஸ் விசை) நிலநடுக்கோட்டில் இல்லை என்பதால், அதற்கு இருபுறமும் ஏறத்தாழ ஐந்து பாகை அட்சரேகைக்குள் புயல்கள் உருவாவது மிக அரிது. அமேசான், காங்கோ, போர்னியோ ஆகிய மூன்றின் மையப்பகுதிகளும் அந்த அமைதிப் பட்டையில் இருக்கின்றன. போர்னியோவின் சபா மாநிலத்தில் உள்ள டானும் பள்ளத்தாக்கில் 100 மீட்டரைத் தாண்டிய ஒரு மரம் அளக்கப்பட்டிருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் என்ன செய்தது என்பதைக் கண்டவர்களுக்கு, அவ்வளவு உயரமான மரம் நம் கரையில் நூற்றாண்டுக்கணக்கில் நிற்கமுடியுமா என்பதை விளக்கத் தேவையில்லை. பிலிப்பீன்சிலும் மடகாஸ்கரின் கிழக்குக் கரையிலும் புயலுக்கு நடுவில் மழைக்காடு உண்டு என்று யாராவது எதிர்வாதம் செய்யலாம். உண்மைதான், ஆனால் அடிக்கடி புயல் தாக்கும் இடங்களில் காட்டின் மேற்கூரை பொதுவாகத் தாழ்ந்தே இருக்கும்.

செம்மண் (ஆரோவில் அருகில்) எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மாணவி கேட்டது சரியான கேள்வி. அதற்கான விடையில்தான் மழைக்காட்டின் முழு இயக்கமும் அடங்கியிருக்கிறது.

அமேசானின் வெள்ளம் ஏறாத மேட்டுப்பகுதிகளில் இருப்பது பல லட்சம் ஆண்டுகளாக வெப்பத்தில் சிதைந்து மழைநீரில் கழுவப்பட்டுத் தேய்ந்த மண். பாறையிலிருந்து வந்த சுண்ணம், பொட்டாசியம், மக்னீசியம் முதலியவை கரைந்து போய்விட்டன. கரையாத இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் சத்தைப் பிடித்துவைக்கத் தெரியாத வகைக் களிமண்ணும் எஞ்சியிருக்கின்றன. பாஸ்பரஸ் இருந்தாலும் இரும்பு அதைக் கட்டிப்போட்டுவிடுகிறது. நிறத்தைப் பார்த்தால் நம் கேப்பர் மலைச் செம்மண்ணுக்கு உறவுதான்.

அப்படியானால் சத்து எங்கே இருக்கிறது? உயிருள்ள மரங்களிலும், தரையில் கிடக்கும் சருகிலும், அந்தச் சருகைத் தின்னும் பூஞ்சைகளிலும் இருக்கிறது. குளிர்நாட்டுக் காட்டில் ஓர் இலை மக்கிப்போக ஆண்டுகள் ஆகலாம், ஆனால் வெப்பமும் ஈரமும் நீங்காத தாழ்நிலத்தில் சில மாதங்களில் அது காணாமல் போய்விடுகிறது. மக்கும்போது வெளிவரும் சத்து மழையில் கரைந்து கீழே இறங்குவதற்குள், மேல்மட்டத்தில் பாய்போலப் பின்னிக் கிடக்கும் மெல்லிய வேர்களும் அவற்றோடு கூட்டாக வாழும் பூஞ்சை இழைகளும் அதை உறிஞ்சிவிடுகின்றன. கிடங்கே வைத்துக்கொள்ளாமல், காலையில் இறங்கிய சரக்கை மாலைக்குள் விற்றுத் தீர்க்கும் காய்கறிக் கடையைப் போன்றது அந்தக் காடு. கையிருப்பு என்று தனியாக எதுவும் இல்லை.

வேர்கள் பெரும்பாலும் மேல்மட்டத்திலேயே பரவுவதால் உயர்ந்த மரங்கள் பலவற்றின் அடிப்பகுதியில் சுவர்போல் விரியும் பலகை வேர்களைக் காண்கிறோம். இலவம்பஞ்சு மரம் நம் ஊர்த் தோட்டங்களிலும் உண்டு. அதுவே அமேசான் காட்டில் மற்ற மரங்களின் தலைக்கு மேல் எழுந்து நிற்கும்போது அதன் பலகை வேர்கள் ஆள் உயரத்தைத் தாண்டும்.

இந்தச் சுழற்சியில் கசிவு இல்லாமல் இல்லை. ஆற்றோடு பாஸ்பரஸ் தொடர்ந்து வெளியேறுகிறது. அதை ஈடுசெய்வதில் சகாரா பாலைவனத்துப் புழுதிக்கும் ஒரு பங்கு உண்டு. அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் காற்றில் வந்து அமேசான் வடிநிலத்தில் படியும் புழுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 டன் பாஸ்பரஸ் இருப்பதாகச் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு 2015-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. உலகின் மிக வறண்ட நிலங்களில் ஒன்று, மிக ஈரமான நிலத்துக்கு உரமிடுகிறது.

மழையும் இப்படித்தான் சுழல்கிறது. கடலிலிருந்து வரும் ஈரம் ஒருமுறை பெய்துவிட்டு முடிந்துபோவதில்லை. மரங்கள் உறிஞ்சி இலைவழியே வெளியிடும் நீராவி மீண்டும் மேகமாகி மேற்கே நகர்ந்து இன்னொரு முறை பெய்கிறது. பிரேசில் அறிஞர் எனியாஸ் சலாத்தி 1970-களில் மழைநீரிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணு வகைகளை) அளந்து, அமேசான் மழையில் பாதியளவு இவ்வாறு மறுசுழற்சியாக வருவது என்று காட்டினார். பின்வந்த கணக்கீடுகள் சில இதைவிடக் குறைத்துச் சொல்கின்றன. எவ்வாறாயினும், காட்டை வெட்டினால் மரம் மட்டும் போவதில்லை, காற்று செல்லும் திசையில் அடுத்துள்ள நிலத்தின் மழையிலும் ஒரு பங்கு போகிறது. மாணவர்கள் முதலில் புரிந்துகொள்ளவேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

‘நுரையீரல்’ பற்றி ஒரு வரி: முதிர்ந்த காடு பகலில் வெளியிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ முழுவதையும், மரங்களின் சுவாசத்திலும் சருகு மக்குவதிலும் தானே செலவிட்டுவிடுகிறது. அந்த உவமையைத் தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம், அறிவியலாக ஏற்க முடியாது.

கெடிலக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. மாத மழைக் கணக்கை நாளையே கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. இன்னும் ஒன்று கேட்கவேண்டும். ‘தாழ்நிலம்’ என்பதைப் பாடநூல் உயரம் குறைந்த நிலம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறது. உயரம் குறைந்திருப்பதால் காட்டுக்கு என்ன வேறுபாடு?

பெண்ணையாற்று மணல் எழுதியது:

வேறுபாடு பெரிது, அதைச் செய்வது ஆறு. பெரு நாட்டின் இக்கிட்டோஸ் நகரம் அமேசானின் கழிமுகத்திலிருந்து ஆற்றுவழியே 3,000 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. அதன் உயரமோ கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 100 மீட்டர்தான். அவ்வளவு தொலைவில் அவ்வளவு குறைந்த சரிவு என்றால் நீர் விரைந்து ஓட வழியில்லை. அது பரவுகிறது, தேங்குகிறது, வளைகிறது, பழைய வளைவுகளை ஏரிகளாக விட்டுச் செல்கிறது.

பிரேசிலின் மனௌஸ் நகரில் ஆற்றின் நீர்மட்டம் ஆண்டின் தாழ்ந்த நிலைக்கும் உயர்ந்த நிலைக்கும் இடையே சராசரியாகப் பத்து மீட்டர் ஏறி இறங்குகிறது. நமக்குப் பெண்ணையாற்று வெள்ளம் என்றால் மேலே அணை திறந்த மறுநாள் வந்து, இரண்டு மூன்று நாளில் வடிந்து, வயலில் மணலைத் தள்ளிவிட்டுப் போவது. அங்கே வெள்ளம் மாதக்கணக்கில் மெல்ல ஏறி ஜூன் வாக்கில் உச்சம் தொட்டு மாதக்கணக்கில் இறங்குவது. ஆகவே அதற்கென்றே பழகிய காடுகள் இருக்கின்றன. அடிமரம் ஆண்டில் பாதி நாள் நீருக்குள் நிற்கும். தம்பக்கி என்ற பெரிய மீன் அந்த நாட்களில் மரங்களுக்கிடையே நீந்தி, நீரில் விழும் ரப்பர் விதைகளையும் பழங்களையும் கடித்துத் தின்கிறது. மீன் விதை பரப்பும் காடு என்றால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வெள்ளம் ஏறும் காடுகள் எல்லாம் ஒரே தன்மையின அல்ல. ஆண்டிஸ் மலையிலிருந்து வண்டல் சுமந்து வரும் ஆறுகளின் நீர் கலங்கிய பால்தேநீர் நிறம். அவை ஆண்டுதோறும் கரையில் புதுமண் இடுவதால் அந்தக் கரைகளில் மண் வளமானது. செம்மண் நண்பர் சொன்ன வறிய மண் மேட்டுநிலத்துக்கே பொருந்தும், ஆற்றங்கரைக்கு அல்ல. பாடநூல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. மாறாக ரியோ நீக்ரோ போன்ற ஆறுகள் பழைய மணற்பாங்கான நிலத்தில் பிறந்து, மக்கிய இலைகளின் சாறு இறங்கிய கருநிற நீராய் ஓடுகின்றன. அந்நீர் அமிலத்தன்மை மிக்கது, சத்துக் குறைந்தது. மனௌஸ் அருகே இரண்டும் கூடியபின், வெப்பநிலை, வேகம், அடர்த்தி ஆகியவற்றில் வேறுபடுவதால் சில கிலோமீட்டர் தொலைவு கலக்காமல் கறுப்பும் மஞ்சளுமாய் அருகருகே ஓடுகின்றன.

காங்கோவின் நடுப்பள்ளத்தில் நிலம் இன்னும் தட்டை. அங்குள்ள சதுப்புக் காடுகளின் அடியில் மக்காத தாவரப்பொருள் கரிச்சேறாகத் திரண்டு கிடப்பது, அதுவும் 1,45,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடப்பது, 2017-இல்தான் வரைபடமாக வெளியானது. தமிழ்நாட்டின் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர் என்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வானூர் வழி எழுதியது:

அமேசான், காங்கோ எல்லாம் சரி. நம் காலடியிலேயே இதற்குச் சான்று கிடக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லையே.

திருவக்கரை கல்மரப் பூங்காவில் சிதறிக் கிடக்கும் கல்லான மரங்கள் கடலூர் மணற்பாறை என்று புவியியலார் பெயரிட்ட அடுக்கைச் சேர்ந்தவை. கேப்பர் மலையும் அதே அடுக்குதான். அந்தக் கல்மரங்களின் உள்ளமைப்பை ஆராய்ந்தவர்கள், குங்கிலியம் தரும் சால் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மரங்களை அங்கே அடையாளம் கண்டிருக்கிறார்கள். அந்தக் குடும்பம் இன்று நம் கடற்கரையில் இயற்கையாக இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் உண்டு. போர்னியோவின் தாழ்நிலக் காட்டை ஆளுவதே அதுதான், மேலே சொன்ன 100 மீட்டர் மரமும் அதே குடும்பம். நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியும் ஈரம் நிறைந்த பழைய தாழ்நிலக் காடுகளும் சதுப்புகளும் புதைந்து உண்டானதே. மாணவர்கள் வீட்டில் எரியும் மின்விளக்கு அந்தக் காட்டின் மிச்சத்தில்தான் எரிகிறது என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

கோரிமேட்டு வாசி எழுதியது:

நல்ல சான்று, ஆனால் ஓர் எச்சரிக்கை. திருவக்கரை மரங்கள் வேரோ கிளையோ இலையோ இல்லாமல் படுத்த நிலையில் கிடக்கின்றன. அவை வளர்ந்த இடத்திலேயே கல்லாகவில்லை, வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்தவை என்பதே பொதுவான கருத்து. ஆகவே மழைக்காடு திருவக்கரையிலேயே நின்றது என்று சொல்வதைவிட, அந்த ஆறு வடிந்த நிலத்தில் நின்றது என்று சொல்வதே சரியாக இருக்கும்.

இன்றைய நிலையையும் சேர்த்துச் சொன்னால்தான் விடை முழுமைபெறும். நம் கரையின் இயற்கைக் காடு முட்புதர் அன்று. வறண்ட பசுமைமாறாக் காடு. கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி நிற்கும் காடு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வீரை, பாலை, காயா, நாவல், கருங்காலி போன்ற மரங்கள். உயரம் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள். ஒரு வீரை இலையைக் கையில் எடுத்து மடித்துப் பாருங்கள். தடித்து, தோல்போல விறைத்து, மேற்புறம் பளபளப்பாக இருக்கும். கோடையில் நீரை இழக்காதிருப்பதற்கான அமைப்பு அது. மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் இலையோ நுனி வால்போல் நீண்டிருக்கும், மேலே விழும் நீர் உடனே வழிந்துவிடுவதற்காக. ஒன்று நீரைச் சேமிக்கும் கவலையில் வளர்ந்தது, மற்றது நீரை உதறும் கவலையில்.

இடைநிலை ஒன்றும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகள் மூன்று நான்கு மாத வறட்சியையும் தாங்குகின்றன. மற்ற மாதங்களில் பெய்யும் பெருமழையை ஆழமான மண் சேமித்துவைப்பதே காரணம். அந்தக் காடுகளில் எந்த மரம் எங்கே நிற்கும் என்பதை வறண்ட மாதங்களின் எண்ணிக்கை எப்படித் தீர்மானிக்கிறது என்பதை விரிவாக ஆராய்ந்து வரைபடமாக்கியது 1955-இல் தொடங்கப்பட்ட நம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம்தான்.

செம்மண் எழுதியது:

பண்ருட்டிக்காரர்கள் பலாவை விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். பலாவின் பிறப்பிடம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடு. கிளை நுனியில் காய்க்காமல் அடிமரத்திலும் வேர்ப்பலாவாக மண்ணோரத்திலும் காய்ப்பது மழைக்காட்டு மரங்களிடம் அடிக்கடி காணும் இயல்பு. கொக்கோவும் அத்தியும் அப்படித்தான். பத்துப் பதினைந்து கிலோ பழத்தை மெல்லிய கிளை தாங்காது என்பது ஒரு புறம். இருண்ட அடித்தளத்தில் நடமாடும் விலங்குகளுக்குப் பழம் எட்டவேண்டும் என்பது மறுபுறம். வகுப்பில் காட்ட இதைவிட அருகிலுள்ள மாதிரி கிடைக்காது.

கெடிலக்கரை எழுதியது:

மாணவர்களை ஓரிடத்துக்கு மட்டுமே அழைத்துச் செல்ல அனுமதி கிடைக்கும் போலிருக்கிறது. புத்துப்பட்டா, திருவக்கரையா?

வானூர் வழி எழுதியது:

இரண்டும் ஒரே நாளில் முடியக்கூடிய தொலைவுதான், ஒரே பேருந்தில் கேட்டுப் பாருங்கள். ஒன்றுதான் என்றால் திருவக்கரை. ஆளுக்கொரு உருப்பெருக்கிக் கண்ணாடி கொடுத்து, கல்மரத்தின் வெட்டுமுகத்தில் வளர்ச்சி வளையம் தெளிவாகத் தெரிகிறதா என்று தேடச் சொல்லுங்கள். வறட்சி ஆண்டுதோறும் வந்துபோகும் இடத்தில் வளரும் தேக்கில் வளையம் நன்றாகத் தெரியும். இடைவிடாமல் மழை பெறும் காட்டு மரங்கள் பலவற்றில் அது தெளிவாக விழுவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தேக்குத் துண்டைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். ஒரு மரத்தைப் பார்த்து முடிவுக்கு வரவேண்டாம், பலவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். பூங்காவிலிருந்து சிறு சில்லைக்கூட எடுத்துவரக்கூடாது என்பதைப் பேருந்தில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். முற்பகலிலேயே போய்விடுங்கள், அங்கே நிழல் குறைவு.